நின்ற பிறகு வரும் இருமல்

என் மகளுக்கு ஓடினால் மூச்சு முட்டுகிறது என்று முதலில் எங்களுக்குச் சொன்னவர் அவள் படித்த கன்னியர் பள்ளியின் டிரில் டீச்சர். அவர் அதை நோய் என்று சொல்லவில்லை. நடிப்பு என்று சொன்னார்.

இது 1961 டிசம்பரில் நடந்தது. என் மனைவி அதற்கு முந்தின வருடம் என்பாள். நான் ஒப்புக்கொள்வதில்லை. அந்த மார்கழியில் எங்கள் தெருச் சுவர்களில் பொதுத்தேர்தலுக்காகச் சுண்ணாம்பு அடித்துக் கட்சிக்காரர்கள் இடம் பிடித்து வைத்திருந்தார்கள். தேர்தல் வந்தது அறுபத்திரண்டு பிப்ரவரியில். எட்டுக் கிரகங்கள் ஒன்றாகக் கூடுகின்றன, உலகம் அழியப்போகிறது என்று ஊர் நடுங்கியதும் அதே பிப்ரவரியில்தான். ஊர் ஒன்றுக்குப் பயந்துகொண்டிருந்தபோது நாங்கள் வேறொன்றுக்குப் பயந்துகொண்டிருந்தோம் என்பதால் எனக்கு இதில் சந்தேகமே இல்லை. நான் அப்போது திண்டுக்கல்லில் கிளை நூலகத்தில் வேலை பார்த்தேன். நாள் முழுவதும் புத்தகங்களில் தேதி முத்திரை குத்துகிறவனுக்குத் தேதிகளில் ஒரு பிடிவாதம் வந்துவிடும்.

மகளுக்குப் பத்து வயது முடிந்திருந்தது. அவளுக்கு முன்னால் இரண்டு பிள்ளைகள் எங்களுக்குத் தங்கவில்லை. இதைச் சொன்னால் மற்றதெல்லாம் விளங்கும் என்பதற்காகச் சொல்கிறேன்.

பள்ளியிலிருந்து ஆள் அனுப்பிக் கூப்பிட்டிருந்தார்கள். பள்ளித் தலைவியான கன்னியாஸ்திரீயை நாங்கள் மதர் என்போம். மதர் நாற்காலியில் அமர்ந்திருக்க, டிரில் டீச்சர் நின்றுகொண்டு பேசினார். கையில் விசில் இருந்தது. உங்கள் வீட்டு மகாராணிக்கு டிரில் என்றாலே இருமல் வந்துவிடுகிறது என்று ஆரம்பித்தார். நான் மறுத்து ஏதோ சொன்னேன். அவர் அதற்கும் பதில் வைத்திருந்தார்.

“ஓடும்போது நல்லாத்தான் சார் ஓடுறா. மத்த பிள்ளைகளையெல்லாம் முந்திக்கிட்டு ஓடுறா. ஓடி முடிச்சு வரிசையில நில்லுங்கன்னு சொன்னா, அப்பத்தான் இருமல். ஓடுறப்ப வராதது நிக்கிறப்ப எப்படி சார் வரும்?”

எனக்கும் அந்தக் கேள்வி நியாயமாகப் பட்டது. மதர் நடிப்பு என்றோ நோய் என்றோ சொல்லவில்லை. மற்ற பிள்ளைகளையும் யோசிக்க வேண்டியிருக்கிறது, ஒரு டாக்டர் பார்த்து இன்னது என்று சொல்லும்வரை வீட்டில் இருக்கட்டும் என்று மெதுவாகச் சொன்னார். மற்ற பிள்ளைகளை யோசிப்பது என்றால் டி.பி. என்று அர்த்தம். அந்தக் காலத்தில் அந்த இரண்டு எழுத்தையும் யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும், மாதா கோயில் வளாகத்தில் பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடினார்கள். பனி விலகியிருக்கவில்லை. போய் விளையாடு என்று நானே அவளை அனுப்பிவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள், சிரித்தாள், ஒரு பையனைக் கீழே தள்ளினாள், வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒன்றும் ஆகவில்லை. டீச்சர் சொன்னதுதான் சரி என்று எண்ணிக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன். புகையிலை மூட்டைகள் அடுக்கும் கிட்டங்கி மூலையைத் திரும்புவதற்குள் அவள் பிடி இறுகியது. முதலில் வறட்டு இருமல். பிறகு தோள்கள் மேலே ஏறின. கழுத்துக்குக் கீழே இருக்கும் குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய்ப் போய் வந்தது. என்னம்மா செய்கிறது என்று கேட்டேன். ‘அப்பா’ என்று ஒரு சொல்லைச் சொல்வதற்கே அவளுக்கு இரண்டு மூச்சு வேண்டியிருந்தது. நடிக்கிற பிள்ளைக்குக் கழுத்துக் குழி உள்ளே போகாது.

மறுநாளே டாக்டரிடம் போனோம். டாக்டரிடம் போவதற்கு எங்கள் வீட்டில் ஒரு முறை உண்டு. அழுக்கும் அலங்கோலமுமாகப் போய் நின்றால் டாக்டர் மதித்துப் பார்க்கமாட்டார் என்பது என் மனைவியின் தீர்மானம். தலைக்கு எண்ணெய் வைத்து இரட்டைச் சடை பின்னி, சலவைக்குப் போட்டு வந்த பாவாடையை உடுத்தி, முகத்துக்குப் பவுடர் போட்டு, செத்த நேரம் நாற்காலியில் உட்காரவைப்பாள். வெறும் வயிற்றோடு போனால் மருந்து வாடைக்குக் குமட்டும் என்று கருப்பட்டி போட்ட கடுங்காப்பி ஒரு தம்ளர் நிறையக் கொடுப்பாள். பிறகு நான் போய் ஜட்கா வண்டி கூட்டிவருவேன். நோயாளியை நடக்கவைத்துக் கூட்டிப்போனால் பார்க்கிறவர்கள் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள்? இப்படிப் போய் இறங்கியபோது பிள்ளை ரோஜாப்பூப் போல இருந்தாள். டாக்டர் முதுகிலும் மார்பிலும் குழாயை வைத்துக் கேட்டார். ஒன்றும் இல்லை என்றார். இன்னும் இரண்டு முறை போனோம். ஒவ்வொரு முறையும் அதே சடை, அதே காப்பி, அதே ஜட்கா. ஒவ்வொரு முறையும் அதே பதில்.

அவர் ஊரில் பெரிய டாக்டர். எங்கள் மனத் திருப்திக்காக மதுரைக்குப் போய் எக்ஸ்ரே படம் எடுத்து வரச் சொன்னார். படம் வருவதற்குள் என் மனைவி மகளுக்குத் தட்டும் தம்ளரும் தனியாக எடுத்துவைத்துவிட்டாள். அவளுக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று, புதுத் தட்டு உனக்குத்தான் என்று சொல்லிக் கொடுத்தாள். பள்ளிக்கு ஏன் போகவில்லை என்று கேட்ட அடுத்த வீட்டு அம்மாளிடம் பொன்னுக்கு வீங்கி என்று சொல்லிவைத்தாள். பத்துப் பதினைந்து நாள் கழித்து அந்த அம்மாள், “இன்னுமா வீக்கம் வடியல? கன்னம் ஒட்டிப்போயில்ல இருக்கு” என்று கேட்டுவிட்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டு முன்கதவு பகலிலும் சாத்தியே இருந்தது.

படத்தில் நுரையீரல் சுத்தமாக இருந்தது. மனைவி அன்று மாதாவுக்கு மெழுகுதிரி ஏற்றினாள். அது எரிந்து தீருவதற்குள் இரண்டாவது பயம் வந்து சேர்ந்தது. நுரையீரல் இல்லை என்றால் இருதயத்தைத்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். எதற்கும் ஓட வேண்டாம், படி ஏற வேண்டாம், ஓய்வாக இருக்கட்டும், கோடை வந்ததும் பார்க்கலாம் என்றார்.

என் வேலையிடத்தில் ஒரு கனமான ஆங்கில வைத்தியப் புத்தகம் இருந்தது. வீட்டுக்கு வீடு வைத்துக்கொள்ள வேண்டும் என்று எழுதப்பட்ட வகை. யாரும் அதை எடுத்துப்போனதில்லை. நான் எடுத்தேன். குழந்தைகளுக்கு மூட்டுவலியோடு காய்ச்சல் வந்து, அது தணிந்த பிறகு இருதயத்தைத் தாக்கும் என்று ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தது. அப்படிப்பட்ட குழந்தைக்குச் சிறிய ஓட்டமும் ஆபத்து என்றிருந்தது. முந்தின ஆனி மாதம் அவள் முழங்கால் வலிக்கிறது என்று சொன்னது எனக்கு உடனே நினைவுக்கு வந்தது. எந்தக் குழந்தைக்குத்தான் முழங்கால் வலிக்கவில்லை என்று கேட்டுக்கொள்ள அன்று எனக்குத் தோன்றவில்லை. புத்தகத்தை அலமாரித் தட்டில் திருப்பி வைத்துவிட்டு, மறுபடி போய் எடுத்து அதே பக்கத்தைப் படிப்பேன்.

தை மாதம் முழுவதும் அவள் கட்டிலிலும் நாற்காலியிலுமாக இருந்தாள். தண்ணீர் கேட்டால் நாங்கள் கொண்டுபோய்க் கொடுத்தோம். தெருவில் மற்ற பிள்ளைகள் கிளித்தட்டு ஆடும் சத்தம் கேட்கும்போது ஜன்னலைச் சாத்தினோம். நான் நூலகத்திலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றும்முன் அவள் மார்பு ஏறி இறங்குவதைப் பார்ப்பேன். சாப்பிடும்போது பார்ப்பேன். ஒரு நாள் அவள் சோற்றுக் கையை நிறுத்திவிட்டுச் சொன்னாள்:

“அப்பா, நீங்க இப்படிப் பாத்துக்கிட்டே இருந்தா எனக்கு மூச்சு விடவே மறந்துபோகுது.”

அந்த மாதம் அவளுக்கு ஒருமுறைகூட இருமல் வரவில்லை. அதுவே எங்களுக்குப் பெரிய பயமாகிவிட்டது. ஓய்வெடுத்தால் வரவில்லை என்றால் இருதயம்தான் என்று எங்களுக்குள் முடிவு கட்டினோம். இனி ஆயுள் முழுவதும் இந்த நாற்காலிதானா? பள்ளி இல்லை, ஓட்டம் இல்லை, நாளைக்கு ஒரு கல்யாணம் என்று வந்தால் அதுவும் இல்லை. இதை நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. சோற்றுக்கு வெஞ்சனம் என்ன செய்யட்டும் என்று கேட்க வந்து நின்ற மனைவி கேட்காமலே திரும்பிப் போவாள். அதிலிருந்து அவளும் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரியும்.

அந்த நாட்களில் எங்கள் நூலகத்தில் புதிதாக ஒரு டாக்டர் உறுப்பினராகியிருந்தார். பழனிப் பக்கத்துக்காரர். ரத வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் சிறிதாக வைத்தியசாலை வைத்திருந்தார். ஆங்கில நாவல்களாக எடுத்துப்போவார். ஒரு மாலை நான் முத்திரை குத்திக் கொடுத்த புத்தகத்தைத் திறந்து பார்த்துவிட்டு மேசைக்குத் திரும்பி வந்தார்.

“ஏனுங்க, நேத்தைய தேதியக் குத்தியிருக்கறீங்க?”

அதுவரை எனக்கு அப்படி நேர்ந்ததில்லை. அடித்துத் திருத்திக் கொடுத்தேன். வீட்டில் ஏதாவது சிரமமா என்று கேட்டார். நான் டி.பி. பயத்திலிருந்து இருதயப் பயம்வரை கொட்டிவிட்டேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் காத்திருந்தார்கள். பிள்ளையைக் காலையில் கூட்டிவாருங்கள், ஒருமுறை நானும் பார்க்கிறேன் என்றார்.

வழக்கம்போலவே போனோம். சடை, பாவாடை, பவுடர், கடுங்காப்பி, ஜட்கா. டாக்டர் அவள் நெஞ்சில் வெகுநேரம் குழாயை வைத்துக் கேட்டார். இருதயம் எனக்கு நன்றாகத்தான் கேட்கிறது என்றார். பிறகு நாற்காலியில் சாய்ந்து மகளை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

“நீங்க நோயைக் கூட்டிட்டு வரலீங்க. கல்யாணப் பொண்ணைக் கூட்டிட்டு வந்திருக்கறீங்க.”

மகள் சிரித்துவிட்டாள். என் மனைவிக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில், யாருமே எங்களை நம்புவதில்லை, பள்ளியில் டிரில் டீச்சரும் இப்படித்தான் பேசினார் என்று டீச்சர் சொன்னதைச் சொல்லித் தீர்த்தாள். ஓடும்போது வராத இருமல் நிற்கும்போது எப்படி வரும் என்று கேட்டாராம், ஒரு டீச்சர் பேசுகிற பேச்சா இது என்றாள்.

டாக்டர் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்தார்.

“நின்னதுக்கப்புறமுங்களா? ஓடும்போது இல்லீங்களா?”

நான் கிட்டங்கி மூலையில் கண்டதைச் சொன்னேன். அவர் கேட்ட கேள்விகள் அதன்பின் வேறு திசையில் போயின. எந்த மாதத்தில் அதிகம்? காலையிலா, மாலையிலா? பனியிலா, வெயிலிலா? மூச்சை உள்ளே இழுக்கச் சிரமமா, வெளியே விடவா? இங்கே எப்படி வந்தீர்கள்? வருமுன் என்ன கொடுத்தீர்கள்? காப்பி என்றதும் எவ்வளவு என்று கேட்டார். என் மனைவி கையால் தம்ளரின் உயரத்தைக் காட்டினாள். அவர் தலையைப் பிடித்துக்கொண்டார்.

இருதயம் பலவீனமாக இருந்தால் ஓடும்போதே பிள்ளை தளர்ந்துவிடும், உட்கார்ந்தால் தேறிவிடும் என்று அவர் விளக்கினார். நின்ற பிறகு தொடங்கி ஏறுகிற மூச்சுமுட்டல் வேறு ஜாதி. அது குளிர்ந்த, வறண்ட காற்றில் ஓடுகிற சில பிள்ளைகளுக்கு வரும். மூச்சுக்குழல்கள் உள்ளே சுருங்கிக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் தானே விரிந்துவிடும். கடுங்காப்பி அதற்கு வெகுகாலமாகத் தெரிந்த கைமருந்து. நீங்கள் நோயைக் காப்பி கொடுத்துத் தூங்கவைத்து, வண்டியில் ஏற்றிவந்து, டாக்டருக்குக் காட்டியிருக்கிறீர்கள். ஆனால் காதால் கேட்காமல் நான் பேர் வைக்கமாட்டேன் என்றார். ஒரு பனிக்காலையில் காப்பி இல்லாமல் நடந்து வாருங்கள், இங்கே நான் அவளை ஓடவைத்துப் பார்க்க வேண்டும் என்றார்.

என் மனைவி மகளின் கையைப் பிடித்து எழுப்பிவிட்டாள். ஓடவே கூடாது என்று பெரிய டாக்டர் சொல்லியிருக்கிறார், இவர் ஓடவைத்துப் பார்க்கிறாராமா என்று வழியெல்லாம் புலம்பினாள். வைத்தியப் புத்தகத்தின் அந்தப் பக்கம் என் கண்முன் நின்றது. இவர் சொல்வது தவறாக இருந்தால், நாங்கள் எங்கள் கையாலேயே பிள்ளையை ஓடவிட்டுக் கொன்றவர்கள் ஆவோம். இவர் சொல்வது சரியாக இருந்து நாங்கள் போகாவிட்டால், அந்த நாற்காலிதான்.

அப்போதுதான் அந்தக் கிரகச் சேர்க்கை வந்தது. தெருவில் பஜனையும் ஹோமமுமாக இருந்தது. வெளியூர்ப் பயணங்களை எல்லோரும் தள்ளிப்போட்டார்கள். “நமக்கு அந்தக் கிரகமெல்லாம் கிடையாது. ஆனாலும் கழியட்டுமேங்க” என்றாள் மனைவி. எனக்கும் ஒரு சாக்கு கிடைத்தது போலிருந்தது. கிரகங்கள் கூடின, பிரிந்தன. உலகம் அப்படியே இருந்தது. எங்களுக்குச் சாக்கு தீர்ந்துபோயிற்று. கடைசியில் முடிவு செய்தது மகள்தான். டாக்டர் ஓடச் சொன்னாரா, இல்லையா என்று என்னிடம் கேட்டாள். சொன்னார் என்றேன். “நெசமாவே ஓடலாமா?” என்று கேட்டாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இல்லை என்று சொல்ல என்னால் முடியவில்லை.

விடிந்து வெயில் ஏறாத நேரத்தில் மெதுவாக நடந்து போனோம். வைத்தியசாலையின் பின்புறம் லாரிகள் நிறுத்தும் காலியிடம் ஒன்று. ஒட்டன்சத்திரத்துக்குப் போகவேண்டிய லாரி ஒன்று நின்றிருந்தது. டாக்டர் அவள் நெஞ்சைக் கேட்டார். உள்ளே ஒரு ஊசியைத் தயாராக வைத்திருப்பதை எனக்குக் காட்டினார். தைரியம் சொல்வதற்காகத்தான் காட்டினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிறகு அவளைப் பார்த்து, அந்தச் சுவரைத் தொட்டுவிட்டு வா, நான் போதும் என்கிறவரை ஓடிக்கொண்டே இரு என்றார்.

அவள் ஓடினாள். ஒரு மாதம் கட்டிப்போட்டிருந்த கன்றைப் போல ஓடினாள். சடை அவிழ்ந்துவிட்டது. என் மனைவி திரும்பிச் சுவரைப் பார்த்து நின்று ஜெபமாலை சொல்லத் தொடங்கினாள். லாரிக்காரர் கீழே இறங்கி வந்து, “எதுக்குய்யா பச்சப்பிள்ளைய இந்த வெரட்டு வெரட்டுறீங்க? அப்படி என்னத்தத் திருடிருச்சு?” என்று கேட்டார். பிறகு எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு வண்டியோரம் ஒதுங்கி நின்றார். ஒவ்வொரு முறை அவள் சுவரைத் தொட்டுத் திரும்பும்போதும், இந்த முறை விழுந்துவிடுவாள் என்று நினைத்தேன்.

விழவில்லை. போதும் என்றதும் சிவந்த முகத்தோடு வந்து நின்றாள். பெரிய மூச்சுதான், ஆனால் சாதாரண மூச்சு. நெஞ்சைக் கேட்ட டாக்டர் அவளைப் பெஞ்சில் உட்காரவைத்தார். என் மனைவி திரும்பினாள். ஒன்றுமில்லையே என்று அவள் முகம் மலர்ந்தது. டாக்டர் கையால் பொறுங்கள் என்றார். நாங்கள் நின்றோம். மூச்சு அடங்கிக்கொண்டு வந்தது. லாரிக்காரர் வண்டியைக் கிளப்பிப் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்த வறட்டு இருமல் வந்தது. ஒன்று, மறுபடி ஒன்று. தோள்கள் ஏறின. கழுத்துக் குழி உள்ளே போயிற்று.

நான் அவளை நோக்கிப் போனேன். டாக்டர் என் தோளைப் பிடித்து நிறுத்தி, குழாயை என் காதுகளில் மாட்டி, அதன் முனையை அவள் முதுகில் வைத்தார்.

“கேளுங்க.”

முதலில் என் ரத்தத்தின் சத்தமே கேட்டது. பிறகு அவள் மூச்சை வெளியே விடும்போதெல்லாம் கீச்சுக் கீச்சென்று, எண்ணெய் காணாத பல கதவுகள் ஒரே சமயத்தில் திறப்பது போல ஒரு சத்தம். அந்தக் கீச்சுகளுக்கு அடியில் இருதயத்தின் சத்தமும் கேட்டது. வேகமாக இருந்தது, ஆனால் தவறாமல் அடித்தது. நான் அதையே கேட்டுக்கொண்டு நின்றேன். அவர் குழாயைத் திரும்ப வாங்கிக்கொண்டு ஊசியைப் போட்டார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் தோள்கள் இறங்கின.

இருதயமும் இல்லை, நீங்கள் பயந்த அந்த நெஞ்சுநோயும் இல்லை, இது ஆஸ்துமா இழுப்பு, ஓட்டம் கிளப்பிவிடுகிற இழுப்பு என்றார் டாக்டர். நான் நன்றி சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் மனைவி அழத் தொடங்கிவிட்டாள். இருதயம் என்றபோதுகூட அவள் எங்கள் முன்னால் அழுததில்லை. பொட்டப்பிள்ளைக்கு இழுப்பு என்று வெளியே தெரிந்தால் நாளைக்கு யார் வந்து கேட்பார்கள், பள்ளிக்கூடத்துக்கு மட்டும் வேறு ஏதாவது பேர் சொல்லிவிடுங்கள் என்று மன்றாடினாள்.

“வெளிய தெரியக்கூடாதுன்னுதானுங்க இத்தனை நாள் வச்சிருந்தீங்க. அதனாலதான் எங்களுக்கும் தெரியலை” என்றார் அவர். குரலில் கடுமை இல்லை. டிரில் டீச்சருக்குத் தெரியாமல் இந்தப் பிள்ளையை ஓடவிட முடியாது என்றும் சொன்னார். டிரிலுக்கு முன்னால் போட ஒரு மாத்திரை கொடுத்தார். எடுத்தவுடன் வேகமாக ஓடாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஆரம்பிக்கட்டும், பனியில் வாயையும் மூக்கையும் துணியால் மூடிக்கொள்ளட்டும், வளரும்போது குறையலாம், குறையாமலும் போகலாம் என்றார். அவசரத்துக்குக் காப்பி கொடுக்கலாமா என்று என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். கொடுங்கள், என்னிடம் வரும்போது மட்டும் வேண்டாம் என்றார்.

அவரே மதரிடம் போய்ப் பேசினார். தவக்காலம் தொடங்குவதற்கு முன் அவள் பள்ளிக்குத் திரும்பிவிட்டாள். டிரில் டீச்சர் எங்களிடம் எதுவும் சொல்லவில்லை. நாங்களும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் ஓட்டம் முடிந்ததும் மற்றப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திவிட்டு, அவளை மரத்தடியில் உட்காரவைத்துத் தானும் பக்கத்தில் நிற்கிறார் என்று மகள் வந்து சொன்னாள். விசிலைக் கையில் கொடுத்து, முட்டினால் ஊது என்றாராம். ஊத மூச்சு வேண்டாமா டீச்சர் என்று இவள் கேட்டிருக்கிறாள். அன்றிலிருந்து விசில் இல்லை, கையைத் தூக்கினால் போதும்.

பயம் போய்விட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். அது இடம் மாறியது. முன்பெல்லாம் அவள் ஓடும்போது பயந்தேன். பிறகு அவள் நின்ற பின் பயந்தேன். தெருவில் விளையாட்டுச் சத்தம் ஓய்ந்தால் நான் படிப்பதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்வேன். சில நாள் வந்தது. பெரும்பாலும் வரவில்லை.

அறுபத்துமூன்று ஜனவரியில் பள்ளியில் விளையாட்டு விழா. இந்தத் தேதியில் எனக்கும் மனைவிக்கும் வழக்கு இல்லை. மகள் ஓட்டப் பந்தயத்தில் ஓடினாள், மூன்றாவதாக வந்தாள். கயிற்றைத் தாண்டியதும் சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் கைதட்டினார்கள், என் மனைவியும்தான். நான் கைகளை மடியில் வைத்துக்கொண்டு அந்த மரத்தடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் அங்கே போனதும் டீச்சர் அவள் பக்கத்தில் நின்றார். மகள் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டாள், நிமிர்ந்தாள், பக்கத்தில் இருந்த பெண்ணிடம் ஏதோ பேசினாள், நீளமாகவே பேசினாள். அடுத்த பந்தயத்துக்கு ஆட்கள் வந்து நின்றுவிட்டார்கள். அவள் அந்தப் பெண்ணோடு சேர்ந்து சிரித்தாள். கை மேலே எழவில்லை.

அப்போதுதான் நான் தட்டினேன்.

“எதுக்குங்க இப்பத் தட்டுறீங்க? எல்லாரும் தட்டி முடிச்சு எம்புட்டு நேரமாச்சு” என்றாள் மனைவி. முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்த்தார். நான் இன்னும் கொஞ்சம் தட்டிவிட்டு நிறுத்தினேன்.